அச்சின் உள்பக்கம்

மெழுகுவர்த்தி அச்சு விற்பவர்கள் அதை மூடித்தான் காட்டுவார்கள். மூடியிருக்கையில் எல்லா அச்சும் ஒன்றுதான்: செங்கல் போல ஓர் அலுமினியக் கட்டி, இறுக்குவதற்குத் திருகுகள், மேலே மெழுகு ஊற்ற ஒரு வாய்க்கால். 2012இல் தமிழ்நாடு நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டில் கிடந்த சமயம், வீட்டிலேயே வர்த்தி வார்த்துப் பார்க்கும் ஆசையில் சென்னைச் சந்து ஒன்றில் என் முதல் அச்சை வாங்கினேன், திறந்து பார்க்காமலே. முதல் வார்ப்பிலேயே இரண்டு பாதிகளும் சேரும் கோடு நெடுக மெழுகு கசிந்தது. உள்ளே நின்ற வர்த்திகளுக்கு ஆளுக்கொரு சிறகு முளைத்திருந்தது. அதற்குப் பிசிறு என்று பெயர். கத்தியால் சீவச் சீவ, வர்த்தி உருளையாக இல்லாமல் செதுக்கிய குச்சியாக ஆகிவிட்டது.

அப்போது பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை. எங்கே அச்சைக் கண்டாலும் திறந்து, குழிக்குள் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நகம் தடுக்கும் இடத்தில் மெழுகும் தடுக்கும். கடைசலில் விழுந்த கோடு, வார்ப்பில் விழுந்த பொத்தல், எதையும் மெழுகு மறைக்காது. ஒவ்வொரு வர்த்தியிலும் பிசகாமல் படியெடுத்துக் கொடுக்கும். பிறகு ஒரு பாதியில் நிற்கும் குமிழ் மறு பாதியின் துளையில் ஆடாமல் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகத் திரி போகும் காடி. அது குழியின் நட்ட நடுவே இல்லையென்றால் சுடர் ஒரு பக்கச் சுவரைத் தின்னும். அந்தப் பக்கமே உருகி வழியும். வர்த்தி அழுகிறது என்போமே, பாதி நேரம் அது அச்சு செய்தவர் விட்ட பிழை.

நல்ல அச்சில் வேலை செய்வதைப் பார்ப்பது ஒரு சுகம். திறந்த பாதிகளின் உள்ளே எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. எண்ணெய் மின்ன வேண்டும், நிற்கக் கூடாது; நின்றால் வர்த்தியின் மேல் அம்மைத் தழும்பு போல விழும். திரி நூலை மேல் முளையில் கட்டி, காடி காடியாகக் கீழே இறக்கி, அடுத்த முளையைச் சுற்றி மேலே ஏற்றுவார்கள். தறியில் பாவு கட்டுகிற கைக்கு இருக்கும் அதே சீரான இழுப்பு. மூடி, திருகி, வாய்க்காலில் மெழுகை ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவார்கள். வர்த்தியின் கூர்முனை கீழேயும் அடிப்பாகம் மேலேயுமாக, தலைகீழாகத்தான் அது பிறக்கிறது. கொஞ்ச நேரத்தில் வாய்க்காலில் மெழுகு குழிந்து இறங்கும். அங்கே இன்னொரு முறை ஊற்ற வேண்டும். இறுகியதும் மேலே மிஞ்சியதை வழித்துவிட்டுத் திறந்தால், வரிசையாக நிற்கும் வர்த்திகள் தாமாகவே விட்டுக்கொடுக்கும்.

அப்படி விட்டுக்கொடுப்பதற்குக் காரணம் எண்ணெய் மட்டுமல்ல. பாரஃபின் மெழுகு உறையும்போது சுருங்கும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேலே. நடுவே குழி விழுவதும் அதனால்தான், சுவரை விட்டு விலகுவதும் அதனால்தான். ஸ்டியரிக் ஆசிட் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நன்றாக விலகும், வெயிலில் வளையாத கெட்டியும் பால் வெண்மையும் கூடவே வரும். அலுமினியம் சூட்டைச் சட்டென்று தண்ணீருக்குக் கடத்திவிடுவதால் மெழுகு வேகமாக இறுகி, ஒரு நாளில் பல வார்ப்பு எடுக்கலாம். தண்ணீர் ஐஸ் போல இருந்தால் மட்டும் வர்த்திக்குள் கீறல் விடும்.

தேன்மெழுகுக்கு இந்தப் பெருமை எல்லாம் செல்லாது. அது பிசுபிசுத்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் பாரடே சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றியே ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். முதல் சொற்பொழிவிலேயே அச்சுச் சட்டத்தைக் காட்டி விளக்கியவர், தேன்மெழுகை மட்டும் அச்சில் வார்க்க முடியாது என்றார். தொங்கும் திரிகளின் மேல் உருகிய மெழுகை ஒவ்வொன்றாக ஊற்றி ஊற்றிப் பருக்க வைப்பதுதான் அன்றைய வழி. இன்று சிலிக்கோன் அச்சு வந்து அதை மாற்றிவிட்டது. தேன்மெழுகில் தாமரை, பிள்ளையார் என்று சிற்ப வேலை செய்ய நினைப்பவர்கள் சிலிக்கோனே வாங்கலாம், வளைத்து உரித்துவிடலாம். ஆனால் நேரான, நெடிய, சாதாரண வெள்ளை வர்த்திக்கு ரப்பர் அச்சு எனக்கு ஒப்பாது. நடுவில் தொந்தி போடும். மேல்தோலில் அலுமினியம் தரும் அந்த வழவழப்பும் வராது.

உருக்கும் பாத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கு வைத்த எவர்சில்வர் கூஜா, அதை உட்கார வைக்கக் கொதிநீர்ச் சட்டி. அடுப்பில் நேராக வைத்தால் அடி மெழுகு புகைந்து, ஓர் எல்லைக்கு மேல் தானே தீப்பிடிக்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் நூறு டிகிரியைத் தாண்டாது. பித்தளை, தாமிரம், இரும்பு வேண்டாம். தேன்மெழுகும் ஸ்டியரிக் ஆசிட்டும் அவற்றோடு சேர்ந்தால் நிறம் கெடும். பக்கத்தில் ஒரு தட்டு மூடி இருக்கட்டும். மெழுகு பற்றிக்கொண்டால் மூடித்தான் அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் தீ தெறித்துக் கூரைக்கு ஏறும்.

காசைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் தெர்மாமீட்டர். கடைகளில் கிடைக்கும் பாரஃபின் பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டி உருகும். உருகியதுமே ஊற்றினால் அச்சின் சுவரைத் தொட்ட உடனே உறைந்து, வர்த்தியில் வரி வரியாகப் படிக்கட்டு விழும். உலோக அச்சுக்கு நான் 80 டிகிரிக்குக் கிட்டத்தில் ஊற்றுகிறேன். அனுபவத்தில் கண்ணாலேயே பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவர்கள் மேல் பொறாமை, என் கண்மேல் நம்பிக்கையில்லை.

ஒற்றை உருளை அச்சு வாங்கினால் அது எவ்வளவு மெழுகு கொள்ளும் என்று கேட்காதீர்கள், கடைக்காரருக்கும் தெரியாது. திரித் துளையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரை நிறுத்துப் பாருங்கள். 200 கிராம் தண்ணீர் பிடித்தால் சுமார் 180 கிராம் மெழுகு. மெழுகு தண்ணீரைவிட லேசு. குழியில் இரண்டாம் முறை ஊற்றக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அச்சை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

திரியைக் கருவி என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். வீட்டு எண்ணெய் விளக்கில் திரி கருகினால் தூண்டுகோலால் முன்னே தள்ளிவிடுகிறோம். வர்த்திக்குத் தூண்டுகோல் கிடையாது. அதன் திரி தன்னைத்தானே தின்று முடிக்க வேண்டும். முறுக்கிய நூல் நிமிர்ந்தே நின்று கருகும் என்பதால், ஐரோப்பாவில் ஒரு காலம் கத்தரியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் திரியை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். 1820களில் பிரெஞ்சுக்காரர் காம்பசெரஸ் திரியைச் சடையாகப் பின்னினார். பின்னிய திரி எரிய எரிய வளைந்து, நுனி சுடரின் ஓரத்துக்கு வெளியே நீண்டு, அங்கே காற்று பட்டுச் சாம்பலாகிப் போகும். எவ்வளவு சின்ன வேலை! அதோடு கத்தரிக்கு வேலை போயிற்று. ஆகவே சந்தையில் முறுக்கு நூல் மலிவு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். தடிமனும் முக்கியம். வர்த்தி பருமனுக்குத் திரி மெலிந்தால் சுடர் நடுவே கிணறு வெட்டிக்கொண்டு இறங்கி மூழ்கும். தடித்தால் கரி கக்கும், நுனியில் காளான் பூக்கும். எந்த அட்டவணையும் முழுசாக உதவாது. மூன்று தடிமனில் மூன்று வர்த்தி வார்த்து, பக்கத்தில் பக்கமாக ஏற்றி வைத்துவிட்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்ப்பதுதான் வழி. அந்த மாலை எனக்குச் சங்கீதக் கச்சேரிக்குச் சமம்.

வாசனைக் குப்பி, சாயத்துண்டு, மினுமினுப்புத்தூள், பத்து வகைச் சின்ன அச்சு எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பரிசு கொடுக்க நன்றாக இருக்கும். அந்தப் பணத்தில் கனமான ஓர் அச்சு வாங்கினால் பேரப்பிள்ளை காலம் வரை வரும்.

வாங்கப் போகும்போது அச்சை மூடி, திருகை இறுக்கி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து இரண்டு பாதிகளும் சேரும் கோட்டைப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் மெழுகும் கசியும். கடைக்காரர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.