எழுபதாவது நிமிட மாற்று வீரர்

இரண்டு கோல் முன்னிலை, சொந்த மைதானம், எழுபது நிமிடம் ஆகிவிட்டது. நான்காவது நடுவர் பலகையைத் தூக்குகிறார். நாலு வாரமாக அணிப் பட்டியலிலேயே இல்லாத ஒருவர் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடுகிறார். இத்தனை நாள் ஏன் இல்லை என்பதற்கு 'தனிப்பட்ட காரணங்கள்' என்ற இரண்டு சொல்லோடு கிளப் நிறுத்திக்கொண்டது. இன்று ஏன் இருக்கிறார் என்பதற்கு அந்த இரண்டு சொல்லும் இல்லை. அரங்கில் பாதிப் பேர் கைதட்டுகிறார்கள், மீதிப் பேர் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். மேனேஜர் இந்த விஷயத்தைப் பக்குவமாகக் கையாள்கிறார் என்று வர்ணனையாளர் பாராட்டுகிறார்.

இங்கிலாந்துக் கால்பந்தை விடாமல் பார்ப்பவர்களுக்கு, நான் எந்த ஓர் ஆட்டத்தையும் எந்த ஒரு வீரரையும் சொல்லவில்லை என்பது புரியும். கடும் குற்றப் புகாரில் போலீஸ் விசாரணையில் இருக்கும் ஒருவரை அணிக்குள் திரும்பக் கொண்டுவர ஒரு கிளப் யோசித்தால், பெரும்பாலும் இந்த வழியாகத்தான் கொண்டுவரும். முதல் முறையே எதிரணி மைதானத்தில் இறக்காது. தொடக்கப் பதினொருவரில் சேர்த்தால் ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரமும் தொலைக்காட்சியில் அதே பேச்சாக இருக்கும், அதனால் பெஞ்ச். அதுவும் ஆட்டம் கையை விட்டுப் போகாது என்று உறுதியான பிறகு. எல்லோரும் இதை நிதானம் என்கிறார்கள். எனக்கு இது அரங்கத்தின் சத்தத்தை அளந்து பார்க்கும் வேலையாகத்தான் தெரிகிறது. நாலு வாரத்துக்கு முன்னால் அவரை ஒதுக்கியது கொள்கை என்றால், இந்த நாலு வாரத்தில் வழக்கில் என்ன மாறியது? போலீஸ் எதுவும் சொல்லவில்லை. அரசு வழக்கறிஞர் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு மிட்ஃபீல்டருக்குக் கணுக்கால் சுளுக்கியது, அவ்வளவுதான்.

"நிரூபிக்கப்படும்வரை அவர் நிரபராதி, ஆகவே ஆடட்டும்." இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. முதல் பாதி முழு உண்மை. அதை யாரும் அசைக்கக் கூடாது, நானும் அசைக்கவில்லை. ஆனால் 'ஆகவே' எங்கிருந்து வந்தது? நிரூபிக்காமல் அரசு ஒருவரைச் சிறையில் தள்ளித் தண்டிக்கக் கூடாது என்பதற்காக எழுந்த விதி அது. யாருக்கும் எட்டாம் எண் சட்டையை உறுதி செய்து தருவதற்கு எழுந்ததல்ல. வாராவாரம் எல்லா மேனேஜர்களும் ஒரு குற்றமும் செய்யாத பத்துப் பதினைந்து பேரை வெளியே உட்கார வைக்கிறார்கள். பந்தை மெதுவாகத் தருகிறான் என்று ஒருவனை, பயிற்சிக்கு நேரம் கழித்து வந்தான் என்று இன்னொருவனை. அப்போதெல்லாம் எந்த வர்ணனையாளரும் நிரபராதிக் கோட்பாட்டை எடுத்து வீசியதில்லை. பட்டியலில் ஒருவர் பெயரை எழுதுவதும் ஒரு முடிவு. நாங்கள் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதினாலும் அது முடிவுதான்.

தீர்ப்புக்கு முன்பே ஒதுக்கி வைப்பது விளையாட்டுக்குப் புதிதா என்ன? ஊக்கமருந்துப் பரிசோதனையில் சில வகை மருந்துகள் அகப்பட்டால், விசாரணை முடியும் முன்பே தற்காலிக இடைநீக்கம் கட்டாயம். கிரிக்கெட்டில் சூதாட்டப் புகார் பதிவானால் ஐசிசி விதிகளிலும் அதற்கு வழி இருக்கிறது. பிரீமியர் லீகில் முதல் 19 ஆட்டங்களுக்குள் 5 மஞ்சள் அட்டை வாங்கினால் ஓர் ஆட்டத் தடை, 32 ஆட்டங்களுக்குள் 10 வாங்கினால் இரண்டு ஆட்டத் தடை. எவ்வளவு துல்லியம் பாருங்கள். சட்டையைப் பிடித்து இழுப்பதற்கு அட்டவணை போட்டு வைத்திருக்கும் லீகிடம், ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டுக்குத் தானாக இயங்கும் விதி ஒன்று இல்லை. அதைக் கிளப்புகளிடம் விட்டுவிட்டார்கள். கிளப் மேனேஜரிடம் விட்டது. மேனேஜர் எழுபதாவது நிமிடத்திடம் விட்டார்.

நம்மூர் அரசு ஊழியர் ஒருவர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகவே கருதப்படுவார். பிழைப்பூதியம் வரும், வழக்கு தனியாக நடக்கும். அதை யாரும் தீர்ப்பு என்று சொல்வதில்லை. ஒரு கிளார்க்குக்கு நாம் யோசிக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை, வாரத்துக்கு லட்சம் பவுண்டு வாங்குபவருக்குச் சொன்னால் மட்டும் மனித உரிமை மீறலாகிவிடுகிறது.

இதில் உருப்படியான ஆட்டம் ஆடியிருப்பது ஆஸ்திரேலியாவின் நேஷனல் ரக்பி லீக்தான் என்பது என் கட்சி. 2019 தொடக்கத்தில் அவர்கள் கொண்டுவந்த விதி இது: அதிகபட்சத் தண்டனை 11 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றத்துக்காக ஒரு வீரர் மீது முறைப்படி வழக்குத் தொடரப்பட்டால், அந்த நாளிலிருந்து அவர் தானாகவே களத்துக்கு வெளியே. சம்பளம் முழுதாக வரும். அணியோடு பயிற்சி செய்யலாம். வழக்கு முடியும்வரை ஆட முடியாது. அதைவிடச் சிறிய குற்றச்சாட்டுகளில், குறிப்பாகப் பெண்களும் குழந்தைகளும் சம்பந்தப்பட்டவற்றில், தலைமை நிர்வாகி தன் விருப்புரிமையில் முடிவெடுக்கலாம். விதிக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே 'தவறு சுமத்தாத' என்ற அடைமொழி உண்டு. தொழில் செய்யும் உரிமையை இது நியாயமின்றிக் கட்டுப்படுத்துகிறது என்று வழக்குப் போனது. அதே ஆண்டு மே மாதம் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் விதி செல்லும் என்றது.

இதன் அழகு எங்கே என்றால், யாரும் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்து நம்பலாமா கூடாதா என்று யோசிக்க வேண்டாம். புகார் கொடுத்தவர் நல்லவரா என்று கிளப் இயக்குநர் துப்பறிய வேண்டாம். அடுத்த வாரம் இறுதிப்போட்டியா, தரவரிசையில் பின்தங்கிய அணியோடு ஆட்டமா என்ற கணக்குக்கே இடமில்லை. நட்சத்திர வீரருக்கும் மாற்று வீரருக்கும் ஒரே கதவு.

விலை இல்லாமல் இல்லை. அந்த விதி முதலில் தொட்ட வீரர் இரண்டு ஆண்டுக்கு மேல் களத்தைப் பார்க்கவில்லை. விசாரணை இரண்டு முறை நடந்தும் குற்றம் நிரூபணமாகவில்லை. 2021இல் வழக்கு கைவிடப்பட்டது. அவர் திரும்ப ஆட வந்தார். ஆனால் ரக்பி ஃபார்வேர்ட் ஒருவருக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில் போகும் இரண்டு சீசனைச் சம்பளக் காசோலை திருப்பித் தராது. இந்த விதியை ஆதரிக்கும் நான் இதைத் தாண்டிக் குதித்துப் போக முடியாது. இங்கிலாந்தில் நிலைமை இதைவிட மோசம்: அங்கே கிரௌன் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 70,000ஐத் தாண்டிவிட்டன. இன்று வழக்குத் தொடரப்படும் வீரர், தீர்ப்பைக் கேட்கும்போது இரண்டு மேனேஜர் மாறியிருப்பார்கள். எனவே ஆஸ்திரேலிய விதியை அப்படியே பெயர்த்து நட்டால் போதாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிளப்புக்கும் லீகுக்கும் சம்பந்தமில்லாத மூவர் குழு பரிசீலிக்க வேண்டும். விடுதலையானால், இழந்த காலம் எவ்வளவோ அவ்வளவுக்கு ஒப்பந்தத்தை நீட்டிக் கேட்கும் உரிமை வீரருக்கு இருக்க வேண்டும், அதே சம்பளத்தில்.

எந்த நாளில் விதி தொடங்குகிறது என்பது இன்னொரு சிக்கல். புகார் வந்த நாளிலா, கைதான நாளிலா, வழக்குத் தொடரப்பட்ட நாளிலா? 2022 நவம்பரில் சிட்னியில் ஒரு வீரர் கைதானபோது இலங்கை கிரிக்கெட் சபை உடனே அவரை எல்லா வகைக் கிரிக்கெட்டிலிருந்தும் இடைநிறுத்தியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அக்டோபரில் தடை நீங்கியது. அதற்குள் ஆசியக் கோப்பை முடிந்து, உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. ஒதுக்கி வைத்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே எழுதி வைத்த விதியின்படி ஒதுங்குவதற்கும், செய்தி வெடித்த மறுநாள் சபை கூடி ஒதுக்குவதற்கும் அந்த வீரரின் பெயர் மேல் விழும் நிழல் ஒன்றல்ல.

என் வாக்கு, வழக்குத் தொடரப்படும் நாளுக்கு. இங்கிலாந்தில் அரசு வழக்குத் துறை, தண்டனை கிடைக்க உண்மையான வாய்ப்பு இருக்கிறதா, வழக்கு நடத்துவதில் பொதுநலன் இருக்கிறதா என்று இரண்டு சல்லடையில் சலித்த பிறகுதான் குற்றம் சாட்டுகிறது. யாரோ ஒருவர் கோபத்தில் கொடுத்த புகாரும் பணம் பறிக்கும் முயற்சியும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். இந்தியாவுக்கு இதே விதி வந்தால் எஃப்ஐஆர் நாளை எடுக்கக் கூடாது. நம் ஊரில் எஃப்ஐஆர் எப்படிப் பதிவாகும், எப்படிப் பதிவாகாமல் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் குற்றச்சாட்டை வனையும் நாள்தான் இங்கே பொருந்தும்.

அமெரிக்கர்கள் வேறு பாதை பிடித்தார்கள். பேஸ்பால் லீக் 2015இல், வீரர் சங்கத்தோடு சேர்ந்து, குடும்ப வன்முறை மற்றும் பாலியல் குற்றங்களுக்கென ஒரு கொள்கை எழுதியது. சம்பளத்தோடு ஏழு நாள் நிர்வாக விடுப்பு, அதை நீட்டிக்கலாம். பிறகு லீகே விசாரித்து, நீதிமன்றம் தண்டிக்காவிட்டாலும் தானே தண்டிக்கலாம். அமெரிக்கக் கால்பந்து லீகும் 2014இல் எழுந்த குடும்ப வன்முறைச் சர்ச்சைக்குப் பிறகு இதே திசையில் போனது. லீக் போலீஸாகவும் நீதிபதியாகவும் உட்காருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு ஹேண்ட்பாலுக்கு நாலு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுத் தப்பாகச் சொல்பவர்கள் பிரீமியர் லீக்காரர்கள்.

கிளப்புகள் ஏன் தானியங்கு விதியை விரும்புவதில்லை? நீதி உணர்வு என்று நினைத்தால் ஏமாந்தோம். பிரச்சினை, பிரீமியர் லீகில் ஒவ்வொரு கிளப்பும் பதிவு செய்யும் இருபத்தைந்து பேர் பட்டியல்தான். சீசன் நடுவில் ஒருவர் ஒதுங்கினால் அந்த இடம் காலி, பரிமாற்றச் சாளரம் மூடியிருக்கிறது, சம்பளமும் போய்க்கொண்டிருக்கிறது. கோல்கீப்பர்கள் எல்லாம் காயமடைந்தால் சாளரத்துக்கு வெளியிலும் அவசரமாக ஒருவரைக் கடன் வாங்க அங்கே வழி உண்டு. அதே சலுகையை இதற்கும் கொடுங்கள். ஒதுங்கியவரின் இடத்தில் ஒருவரைப் பதிவு செய்யலாம் என்று சொல்லிப் பாருங்கள், பாதி கிளப்புகளின் மனசாட்சி ஒரே இரவில் விழித்துக்கொள்ளும்.

இனி, பந்து வலைக்குள் போகும் அந்த நேரத்துக்கு வருவோம். இறக்கப்பட்டவர் என்றைக்காவது கோல் போடுவார். போட்டால் "விமர்சகர்களுக்குக் களத்தில் பதில் சொன்னார்" என்பார்கள். யார் கேட்ட எந்தக் கேள்விக்கு? இடது காலால் மூலையில் அடித்தது ஒரு புகாருக்குப் பதிலாகுமா? சரியாக ஆடாவிட்டால் "மனம் இங்கே இல்லை" என்பார்கள், அதுவும் இதே ரகம். பாஸ் துல்லியத்தைச் சாட்சியமாக்குகிறோம். 2022இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடரப்படும் முன் விசாரணையில் இருப்பவருக்குப் பொதுவாக அந்தரங்க உரிமை உண்டு என்றது. எனவே பத்திரிகைகள் பெயரைச் சொல்லாது. பாலியல் குற்றப் புகார் என்றால், புகார் கொடுத்தவரின் பெயரையோ சட்டப்படி வாழ்நாள் முழுதும் வெளியிட முடியாது. ஆக, அரங்கில் அறுபதாயிரம் பேர் ஒருவர் பெயரைப் பாட்டாகப் பாடுவார்கள், இன்னொருவர் அதை வீட்டில் இருந்து கேட்க வேண்டும். இதில் விதி இல்லாத லீக் நடுநிலையாக இருக்கிறது என்று என்னால் நம்ப முடியவில்லை.

என்ன நடக்கும்? என் கணிப்புகளைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எடுத்து வைத்துச் சிரியுங்கள். பிரீமியர் லீக் தானாக முன்வந்து எழுதாது. 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கால்பந்து ஒழுங்குமுறை ஆணையமும் கணக்குப் புத்தகங்களைத்தான் புரட்டும், இதைத் தொடாது. முதலில் அசைவது பெண்கள் லீகாக இருக்கும். அங்கே வீராங்கனைகள் ஆண்கள் அணியோடு ஒரே பயிற்சி மைதானத்தைப் பகிரும் கிளப்புகள் உண்டு, அவர்களுக்கு இது தத்துவ விவாதம் அல்ல. அடுத்து சட்டை ஸ்பான்சர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரியைப் பார்த்து, கிளப்புகள் வீரர்களின் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கும். ஏஜென்டுகள் அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். ஐபிஎல் அணிகள் சத்தமில்லாமல் அந்த வரியை அப்படியே நகலெடுக்கும்.

லீக் விதி 2030க்குள் வரும். அதற்கு முந்தைய சீசனில், பட்டத்தைத் தீர்மானிக்கும் கோலை அந்த எழுபதாவது நிமிட மாற்று வீரர்களில் ஒருவர் அடித்திருப்பார். கோப்பையைத் தூக்கும் புகைப்படத்தில் அவரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் விளம்பரப் பிரிவு திண்டாடியிருக்கும். விதி வந்ததும் அதை எதிர்த்து முதல் வழக்கை வீரர் யாரும் போட மாட்டார். ஒரு பெரிய கிளப் போடும், டிசம்பரில், அணியில் நாலு பேர் காயத்தில் இருக்கும்போது. தோற்கும். பிப்ரவரியில் அதே கிளப், இப்படி ஒரு விதியைத் தாங்கள்தான் முதலில் கேட்டோம் என்று அறிக்கை விடும்.