காலடியில் ஒரு மஞ்சள் கோடு

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. வாசகர் கவனிக்க வேண்டியதைச் சுட்டிக் காட்டவும் வேண்டும். சுட்டுகிற விரல் கதையை மறைக்கவும் கூடாது. நிஜக் காட்சியின்மேல் கம்ப்யூட்டர் அடையாளம் வரைகிற 'ஆக்மென்டட் ரியாலிட்டி' கலைக்கும் இதே சங்கடந்தான். அமெரிக்க டெலிவிஷனில் நடந்த இரண்டு காரியங்களை ஒப்பிட்டால் இது விளங்கும்.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. 'பக்' என்னும் சிறு கறுப்பு ரப்பர் வட்டுதான். அதன் வேகத்துக்குக் கண் ஈடுகொடுப்பது கஷ்டம். 1996 ஜனவரியில் ஃபாக்ஸ் டெலிவிஷன் அந்த வட்டைப் பிளந்து, உள்ளே மின் கருவிகளைப் பொருத்தியது. திரையில் வட்டைச் சுற்றி நீல ஒளி வீசும். மணிக்கு 70 மைலைத் தாண்டினால் சிவப்பு வால் நீளும். வட்டு தெரிந்தது, வாஸ்தவம். ஆனால் ஆட்டக்காரனின் தோள் திரும்புவதையும் மட்டை ஏமாற்றுவதையும் யார் பார்த்தார்கள்? கண்ணெல்லாம் வாலின் பின்னால் ஓடிவிட்டது. ஆட்டம் தெரிந்த ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 1998-ல் அது மறைந்தது.

அதே வருஷம் செப்டம்பர் 27-ல் வந்தது மஞ்சள் கோடு. முன்னதைச் செய்த குழுவின் தலைவரான ஸ்டான் ஹனியும் சேர்ந்து தொடங்கிய ஸ்போர்ட்விஷன் நிறுவனத்தின் வேலை அது. அமெரிக்கக் கால்பந்தில் நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். அந்த எல்லையைக் கோடு காட்டுகிறது. காமிரா திரும்பினாலும் கோடு தரையை விட்டு நகராது. ஆட்டக்காரன் அதன்மேல் ஓடினால் அவன் உடம்பின்மேல் விழாது. காலடியில் பணிந்து கிடக்கும். புல்லின் நிறத்தையும் சட்டையின் நிறத்தையும் பிரித்தறிந்து, புல்லுக்கு மட்டும் வர்ணம் பூசுகிறார்கள். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ கோடே கிடையாது!

கோட்டின் வெற்றி இந்த அடக்கத்தில்தான் என்று பலர் சொல்லக்கூடும். பாதி உண்மை. தரையோடு ஒட்டினாலும், எந்தப் புல்லும் இப்படி மஞ்சளாக இராது. 'நான் வரையப்பட்டவன்' என்று அது ஒளிக்காமல் சொல்கிறது. நேர்மை மறுபாதி.

2024 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் 3,499 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த 'விஷன் ப்ரோ'வை மாட்டிக்கொண்டால், அறைக்குள் மிதக்கும் திரைகள் தரையில் நிழல்கூட விழச் செய்கின்றன. கெட்டிக்கார வேலை, அடக்கம் பூரணம். ஆனால் நிழல் பொருளுக்கு உரியது. இல்லாத பொருளுக்கு நிழல் கொடுத்தால் கண் அதை நம்பிவிடும். டெலிவிஷனுக்காவது நான்கு பக்கமும் சட்டம் உண்டு, பெட்டிக்குள் நடப்பது என்று நினைவூட்ட. முகத்தில் மாட்டியதற்குச் சட்டம் ஏது? நாளை தெருவில் ஓர் அம்பு 'இப்படிப் போ' என்றால், காட்டியவர் நகரசபையா, கடைக்காரரா என்று தெரியவேண்டாமா?

அடையாளம் காட்சிக்குப் பணியட்டும். ஆனால் தான் அடையாளம் என்பதை மட்டும் ஒருநாளும் மறைக்கக் கூடாது. அந்த மஞ்சள் கோட்டை நான் மெச்சுவது இதற்காகத்தான்.