ஆர்வலர் அண்டவியல்: கேள்வியும் தீர்ப்பும்

அண்டவியலில் பட்டம் பெறாத ஆர்வலர்களுக்கும் இடமுண்டு. 2007-இல் 'கேலக்சி சூ' திட்டத்தில் விண்மீன் பேரடைகளின் படங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்த நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹேனி வான் ஆர்க்கெல், ஐசி 2497 பேரடையின் அருகே விளங்காத ஒளித்திட்டு ஒன்றைக் கண்டார். விளக்கம் எதையும் புனையாமல், இது என்னவென்று கேட்டார். அது ஒளிரும் பெரும் வாயு முகில் என வானியலாளர் ஆய்வில் தெரியவந்தது. இன்று அம்முகில் அவர் பெயரால் வழங்குகிறது.

ஆர்வலர் உரையாடல்கள் பலவற்றில், ஐன்ஸ்டைன் தவறு என்ற தீர்ப்பே முதலில் வருகிறது, கணக்கு வருவதில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோநொடி முந்தும் என்கிறது சார்பியல். அதைத் திருத்தியே அவை இயங்குகின்றன. சார்பியலை மறுப்பவர் இந்த எண்ணைத் தம் கொள்கையிலிருந்தும் வருவித்துக் காட்ட வேண்டும். அவரிடம் பட்டம் கேட்பதைவிட இந்தக் கணக்கைக் கேட்பதே நியாயம்.