கோபுரத்துக்கு அடியில் ஒரு ஸ்பெயின் ராஜா

கிழக்கிந்தியக் கும்பினி சென்னையில் அடித்த அரை வராகன் வெள்ளிக் காசு கையில் கிடைத்தால், கோபுரத்தைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிடும். நட்சத்திரங்களுக்கு நடுவே அடுக்கடுக்காக எழும் கோபுரம், அதைச் சுற்றி ஒரு வார்ப்பட்டை, அதற்குள் ஆங்கிலமும் பாரசீகமும். திருப்பினால் தாமரையிலிருந்து எழும் விஷ்ணு. மதிப்பு தமிழிலும் தெலுங்கிலும். 1807-ஐ ஒட்டி இயந்திரத்தில் அடிக்கத் தொடங்கிய வரிசை இது. காசில் ஆண்டு கிடையாது, ராஜா பெயரும் கிடையாது. பலர் இத்தோடு காசைக் கீழே வைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், ஆட்டமே இனிமேல்தான்.

கும்பினிக்கு வேண்டிய வெள்ளி ஸ்பெயின் டாலராகக் கடல் வழி வந்தது. அதில் பெரும்பங்கு மெக்சிகோவில் அடித்தது. அப்போது இங்கே துறைமுகம் ஏது? கப்பல் தள்ளி நிற்கும். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் சரக்கு அலை தாண்டிக் கரைக்கு வரும். வந்த டாலரை முறைப்படி உருக்க வேண்டும். பல காசுகளில் அதைச் செய்யவில்லை. டாலர் சுமார் 27 கிராம், அரை வராகன் சுமார் 21. எடையைக் குறைத்து, பழைய காசின் மேலேயே புது அச்சை இறக்கிவிட்டார்கள்.

அச்சு சரியாக அழுந்தாத இடத்தில் பழையது மிஞ்சும். அதைப் பிடிக்க மேலிருந்து அடிக்கும் டியூப்லைட் உதவாது. ஒற்றை விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்யுங்கள். விளிம்பை மட்டும் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். வார்ப்பட்டைக்குள் சம்பந்தமில்லாத ஒரு ரோமன் எழுத்து தலைகீழாக நிற்கலாம். கோபுரத்தின் ஓரம் ஒரு மூக்கு, கூந்தலில் கட்டிய நாடாவின் நுனி. 1788-ல் பட்டமேறி 1808-ல் முடி துறந்த ஸ்பெயின் ராஜா நான்காம் கார்லோஸ் அவர்! டாலரில் அவர் முகத்துக்குக் கீழேதான் ஆண்டு இருக்கும். அதில் ஓர் இலக்கம் தப்பியிருந்தால் உங்களுக்கு யோகம்: ஆண்டே இல்லாத காசு எதற்கு முன்னால் அடித்திருக்க முடியாது என்று தெரிந்துவிடும்.

டாலர் போன்ற பெரிய வெள்ளிக்காசுகளின் பூர்வீகம் ஜெர்மன் பேசிய சுரங்க ஊர்கள். பொகீமியாவின் யோகிம்ஸ்டாலில் ஷ்லிக் பிரபுக்கள் 1520 வாக்கில் அடித்த தாலர் ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஸ்பெயின் டாலரும் அதே எடை வகையறாதான். ஜெர்மன் தாலரில் பிரபுவின் முகம், கேடயம், பட்டங்கள் எல்லாம் உரக்கச் சொல்லும். இங்கே கும்பினி அடக்கி வாசித்தது. கடைத்தெருவில் காசு மாற்றும் சராப்பு நம்பியது தங்க வராகனில் பழகிய சாமியை. அதே கும்பினி ஆற்காடு ரூபாயில் 1759-லேயே செத்துப்போன இரண்டாம் ஆலம்கீர் பெயரைப் பல பத்தாண்டுகள் போட்டுக்கொண்டிருந்தது. பக்தியோ விசுவாசமோ இல்லை, சுத்தமான வியாபாரம்.

‘தங்கசாலைத் தெருவில் அடித்த காசு சார்’ என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு எடை போடச் சொல்லுங்கள். நாணயசாலை அங்கே போனது 1840-களில். இந்தக் காசு அதற்கு முந்தியது. விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியதை வாங்காதீர்கள். அந்தத் தேய்ப்பில் முதலில் போவது கார்லோஸின் மூக்குதான். நூறு வருடம் தாண்டிய காசு என்பதால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பவும் முடியாது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைச் சுழற்ற வழியில்லை; அங்கே நாம்தான் குனிந்து, பக்கவாட்டில் நகர்ந்து பார்க்க வேண்டும். காவலர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.