ஆங்கிலப் பேராசிரியர்கள் செய்த பெரும்பணி

ஆர்.கே.புரத்துத் தமிழ்ச் சங்க இலக்கியக் கூட்டங்களில் தில்லிக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் தமிழர்களைப் பார்க்கலாம். வகுப்பில் ஷேக்ஸ்பியர், வீட்டில் கம்பன் என்று வாழும் மரபு இது. இந்த மரபின் தலைசிறந்த பங்களிப்பு எது என்று கேட்டால், பதிப்பும் மொழிபெயர்ப்பும் என்பேன்.

முதலில் சொல்ல வேண்டியவர் கே. சுவாமிநாதன். 1896இல் புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கியவர். அறுபதைக் கடந்த வயதில், 1960இல், தில்லியில் காந்தி நூல் தொகுப்பின் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார். அவருக்குத் துணை நின்ற சி.என். படேலும் குஜராத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். குஜராத்தியிலும் இந்தியிலும் உள்ளவற்றைத் தெளிந்த ஆங்கிலத்தில் தர வேண்டும். தேதியில்லாக் கடிதத்துக்கு உள்ளிருக்கும் செய்தியைக் கொண்டே தேதி காண வேண்டும். ஒரு தொகுதியைப் புரட்டினால் கடிதங்களின் அடியில் சிறு எழுத்தில் மூலக் குறிப்பு இருக்கும். எஸ்.என். என்றால் சபர்மதிச் சேகரிப்பு, ஜி.என். என்றால் தில்லி காந்தி அருங்காட்சியகம், சி.டபிள்யூ. என்றால் பதிப்பு அலுவலகமே திரட்டியது. எந்தக் கடிதத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வாசகனுக்கு வழி திறந்திருக்கிறது. நூறாவது தொகுதி 1994இல் வந்தது. பின்னாளில் வரிசையைக் கலைத்து, சிலவற்றை விட்டுவிட்டு ஒரு திருத்திய பதிப்பு வெளியானபோது அறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு அதைக் கைவிட நேர்ந்தது. பழைய பதிப்பு எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கே.ஆர். சீனிவாச ஐயங்காரின் பாதை வேறு. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறையை வளர்த்து, துணைவேந்தராகவும் இருந்தவர். 1959இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளை விரித்து, இந்தியர்களின் ஆங்கில எழுத்துக்கு 1962இல் ஒரு முழு வரலாறு தந்தார். அத்துறையில் நுழையும் எவரும் இன்றும் அந்த வாசலைத்தான் கடக்க வேண்டியிருக்கிறது. சாகித்திய அகாதெமியிலும் பொறுப்பு வகித்தார்.

தூத்துக்குடியில் கல்லூரி முதல்வராக இருந்த அ. சீனிவாசராகவன் ஆங்கிலம் கற்பித்துத் தமிழில் கவிதை எழுதினார்; ‘வெள்ளைப் பறவை’ 1968இல் அகாதெமி விருது பெற்றது.

ஆர். பார்த்தசாரதி பம்பாயில் ஆங்கிலம் கற்பித்தவர். பின்பு ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தில் பணியாற்றித் தில்லிக்கும் வந்தவர். சிலப்பதிகாரத்தை ஆங்கிலக் கவிதையாகவே பெயர்த்து 1993இல் வெளியிட்டார். தமிழ் அறியாத உலக வாசகர் பலருக்கு அந்த நூல்தான் கண்ணகியைக் காட்டியது.

இத்தகைய உழைப்புக்குப் பல்கலைக்கழகம் என்ன மதிப்புத் தருகிறது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் கலைப் புலத்து ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 10 புள்ளி. ஒரு முழு நூலை மொழிபெயர்த்தால் 8. இந்தக் கணக்கில் சிலப்பதிகாரம் முழுவதும் பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றுக்குக் கீழே நிற்கும். இந்தியப் பதிப்பகத்தில் நூலைப் பதிப்பித்தவருக்கும் அதே 8தான். இளம் ஆசிரியர்கள் பதிப்பு வேலையை ஓய்வுக்காலத்துக்குத் தள்ளிப்போடுவது இதனால்தான். இதை மாற்றச் சொல்லி முதலில் வாய் திறக்க வேண்டியவை ஆங்கிலத் துறைகளே.