சட்டையில் ஒட்டாத சுவர்

கம்பம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் சட்டை முதுகு வெளுத்துவிடும். கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீட்டில், சுற்றிக்காட்டியவர் பர்மா தேக்குத் தூண்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். என் கை சுவரை விட்டு நகரவில்லை. சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்று, விரல் வழுக்கும் வழவழப்பு. பொட்டுப் பொடி ஒட்டவில்லை.

இந்தச் சுவருக்குச் சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து அரைத்து, பூச்சுமேல் பூச்சாக ஏற்றி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு கலந்த சாந்தை மெல்லிசாக இழுக்கிறார்கள். வேலையே அதற்குப் பிறகுதான். ஈரம் முழுக்கக் காயுமுன் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். அசந்தால் மெருகு ஏறாது. தேய்க்கத் தேய்க்கக் கரகரப்பு அடங்கி, கல் சத்தமில்லாமல் சறுக்கத் தொடங்கும். தூண்களைப் புகழ ஆளுண்டு, இந்தத் தேய்ப்புக்குத்தான் இல்லை. வருஷா வருஷம் வெள்ளையடிக்க வேண்டியதில்லை, ஈரத்துணி போதும்.