மெட்டை எழுத்தில் காத்தல்

நான் முதலில் ஊழியஞ் செய்த சபையில், முதிய உபதேசியார் ஒருவர் மட்டுமே அறிந்திருந்த கீர்த்தனை மெட்டொன்று அவரோடு மறைந்தது. எழுதி வைப்பாரில்லை. ஆகவே, மெட்டுகளைச் சாதாரண எழுத்துகளால் குறிக்கும் முறைகளைச் சீர்தூக்குதல் தகும்.

19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வன் என்னும் ஆங்கிலப் போதகர் பரப்பிய டானிக் சோல்ஃபாவுக்கு ஐங்கோட்டு அச்சு வேண்டுவதில்லை. நம் சரிகமவைப் போல், ஆதார சுருதியைப் பாடுவோரே அமைத்துக்கொள்ளலாம்.

கிறிஸ் வால்ஷா 1990களின் தொடக்கத்தில் வகுத்த ஏ.பி.சி. முறையும் எளியதே. பெரிய எழுத்து ஒரு ஸ்தாயி. சிறிய எழுத்து அதற்கு மேல் ஸ்தாயி. ஒரு மெட்டு சில வரிகளில் அடங்கும். கடிதத்திலும் எழுதி அனுப்பலாம். ஆயினும் ஆதார சுருதியை அது முன்னரே குறித்துவிடுகிறது.

1996இல் நெதர்லாந்தில் தொடங்கிய லிலிபாண்ட், நான்கு குரல்களையும் பழைய செதுக்கச்சின் அழகோடு அமைக்கும்; கற்பதற்கோ பொறுமை வேண்டும். 2004இல் வெளிவந்த மியூசிக்எக்ஸ்எம்எல், கணினி நிரல்கள் தமக்குள் பரிமாறற்கு ஏற்றது, மனிதர் வாசிப்பதற்கன்று.

பகிர்ந்துகொள்ள ஏ.பி.சி.யும், பாட்டுநூல் அச்சிட லிலிபாண்டும் சிறந்தன என்பது என் துணிபு. எனினும் கீர்த்தனையின் கமகத்தை இவற்றுள் எதுவும் முழுமையாய்க் காட்டாது. எனவே மெட்டை எழுதுவோம். முதியோர் உயிரோடிருக்கையில் அவர்களருகே அமர்ந்து பாடியுங் கற்போம்.